எதில் சமம்? செஸ் எஞ்சின்களின் பரிசோதனை ஆட்டங்களும் அவற்றின் நியாயமும்

2017 டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் முன்வடிவம், கணினி செஸ் உலகத்தைச் சில வாரங்களுக்கு நிலைகொள்ளாமல் செய்தது. ஆட்ட விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிப் பழகிய ஆல்ஃபாஜீரோ, அன்று முன்வரிசையில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற எஞ்சினோடு, அதாவது செஸ் ஆடும் நிரலோடு, 100 ஆட்டங்கள் ஆடி, 28 வென்று, 72 டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்றது அந்தக் கட்டுரை. ஊடகங்கள் இந்த எண்களைத் தலைப்பாக்கின. எஞ்சின்களை மோதவிட்டு அளப்பதையே வேலையாகக் கொண்டவர்களோ எண்களை விட்டுவிட்டு, ஆட்டம் எந்த நிபந்தனைகளில் நடந்தது என்று தேடிப் படித்தார்கள். சர்ச்சை அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்த நிபந்தனைகள் இவை: ஒவ்வொரு நகர்வுக்கும் இரு தரப்புக்கும் சரியாக ஒரு நிமிடம்; ஸ்டாக்ஃபிஷுக்கு ஒரே சமயத்தில் கணக்கிடும் 64 த்ரெட்கள், 1 ஜிகாபைட் ஹாஷ் நினைவகம்; தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே தொகுத்துவைக்கும் ஓப்பனிங் புக் கிடையாது; ஆல்ஃபாஜீரோவுக்கு கூகுள் தன் நரம்பு வலைக் கணக்குகளுக்கென்றே வடிவமைத்த டிபியு சில்லுகள் நான்கு. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருவருக்கும் ஒரே நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியவர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட் உட்படப் பலரும், அந்த ஒரே நிமிடத்தையே முதலில் கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.

மரபான எஞ்சின் ஒன்றின் வலிமையில், நேரத்தைப் பங்கிடும் திறமைக்கும் இடமுண்டு. வெட்டுண்ட காயைத் திரும்ப வெட்டுவது தவிர வேறு வழியில்லாத இடத்தில் அது உடனே ஆடிவிடும். தேடல் ஆழமாகும்போது சிறந்த நகர்வு மாறிக்கொண்டே இருந்தாலோ, மதிப்பீடு திடீரென்று சரிந்தாலோ, சேமித்த நேரத்தை எடுத்து அங்கே செலவழிக்கும். பல ஆண்டுகள் சோதித்துச் சோதித்துச் செதுக்கப்பட்ட இந்தப் பகுதியை, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற விதி முழுவதுமாக முடக்கிவிடுகிறது. விதி இரு தரப்புக்கும் பொதுவானதுதான். அதனால் வரும் இழப்பு பொதுவானதல்ல.

ஹாஷ் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு நிலையை ஒருமுறை ஆராய்ந்த எஞ்சின், அதன் முடிவை ஹாஷ் அட்டவணையில் குறித்துவைத்துக்கொள்கிறது; வேறு நகர்வு வரிசையில் அதே நிலை மீண்டும் வந்தால், புதிதாகத் தேடாமல் அந்தக் குறிப்பை எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்ஃபிஷின் அட்டவணையில் மூன்று குறிப்புகளுக்கு 32 பைட் இடம் ஆகும். அப்படியானால் 1 ஜிகாபைட்டில் சுமார் 10 கோடிக் குறிப்புகள் கொள்ளும். அந்தப் போட்டியில் ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளை ஆராய்ந்ததாகக் கட்டுரையே சொல்கிறது. ஆராயும் ஒவ்வொரு நிலையும் புதிய குறிப்பாக ஏறுவதில்லை என்று தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும், ஒரு நிமிடச் சிந்தனையின் முதல் சில நொடிகளிலேயே அட்டவணை நிரம்பிவிடும். மீதி நேரமெல்லாம் பழைய குறிப்பை அழித்துப் புதியதை எழுதும் வேலைதான். 64 த்ரெட்களைக் கொடுத்தவர்கள் அதற்கேற்ற நினைவகத்தைக் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. போதாததற்கு, எதிரே நின்றது 2016 நவம்பரில் வெளியான, ஓராண்டு பழைய பதிப்பு.

டீப்மைண்ட் இந்த விமர்சனத்தைத் தள்ளிவிடவில்லை. 2018 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முழுக் கட்டுரையில் 1,000 ஆட்டங்கள் கொண்ட புதிய போட்டி இடம்பெற்றது: ஆளுக்கு மூன்று மணி நேரமும் நகர்வுக்குக் கூடுதலாக 15 நொடியும், ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர்களும், 32 ஜிகாபைட் ஹாஷும், சில காய்களே எஞ்சிய இறுதியாட்ட நிலைகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட விடைகளின் தொகுப்பான சிசிஜி டேபிள்பேஸும் தரப்பட்டன. ஆல்ஃபாஜீரோ 155 வென்று, 6 தோற்று, மற்றவை டிரா ஆயின. வெற்றியாளர் மாறவில்லை. மாறியது இடைவெளி. முதல் போட்டியின் 64க்கு 36 என்ற கணக்கை, ஆட்ட வலிமையை அளக்கும் எலோ தரப்புள்ளிக்கு மாற்றினால் ஏறத்தாழ 100 புள்ளி வரும், இரண்டாவதன் 574.5க்கு 425.5 என்பது 52 புள்ளிதான். வழக்கமான 95 விழுக்காட்டுப் பிழை வரம்பைச் சேர்த்தால் முதலாவது 67 முதல் 133 வரையிலும், இரண்டாவது 44 முதல் 60 வரையிலும் விரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதால், இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. நீண்ட நேர ஆட்டங்களில் டிராக்கள் கூடி இடைவெளி தானாகவே சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே குறைந்த புள்ளிகள் முழுவதையும் ஹாஷின் தலையிலோ கடிகாரத்தின் தலையிலோ கட்டிவிடவும் கூடாது.

இந்தக் கதையில் உண்மையான சிக்கல் வன்பொருளில் இருக்கிறது, அது இன்றுவரை தீரவில்லை. ஆல்ஃபாஜீரோ நொடிக்கு 80,000 நிலைகளை ஆராய்ந்தது. ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி. ஒன்று ஒவ்வொரு நிலையையும் பெரிய நரம்பு வலையின் வழியாக நிதானமாக எடைபோடுகிறது, மற்றொன்று மலிவான மதிப்பீட்டோடு மலைமலையாகத் தேடுகிறது. ஒன்றுக்கு வேண்டியது டிபியு அல்லது ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் சில்லு, மற்றொன்றுக்கு வேண்டியது சாதாரண சிபியு. இவ்விரண்டையும் சமப்படுத்துவது என்றால் எதைச் சமப்படுத்துவது? விலையையா, மின்சாரச் செலவையா, சில்லின் கணக்குத் திறனையா? விலை சந்தையோடு ஏறி இறங்கும். மின்சாரத்தை அளவாக எடுத்தால், அதிலே சிக்கனமாகத் தயாரான அண்மைச் சில்லை வைத்திருப்பவர் முந்துவார். கணக்குத் திறனை எடுத்தால், ஒரே மாதிரிப் பெருக்கல்களை மொத்தமாகச் செய்ய மட்டுமே பயன்படும் திறனும், கிளைகிளையாகப் பிரியும் தேடலுக்கு உதவும் திறனும் ஒரே தராசில் ஏறிவிடும்.

ஆல்ஃபாஜீரோவின் முறையைப் பொதுவெளியில் மீண்டும் கட்டியெழுப்பிய லீலா செஸ் ஜீரோ 2018இல் வந்தபோது, சோதனையாளர்கள் ஒரு கைவழியைக் கண்டுபிடித்தார்கள். 7 கோடியை 80,000ஆல் வகுத்தால் 875. லீலாவின் வேகத்தை 875ஆல் பெருக்கி, அதை ஸ்டாக்ஃபிஷின் வேகத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ‘லீலா விகிதம்’ என்று பெயர். அது 1 என்றால் 2017இன் போட்டியில் இருந்த அதே வன்பொருள் சமநிலை என்று பொருள். 2 என்றால் லீலாவுக்கு இரு மடங்கு சாதகம். இந்த விகிதம் பயனுள்ளதுதான், ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு: நியாயமற்றது என்று பலர் குறைசொன்ன போட்டியின் சமநிலையே அளவுகோலாகிவிட்டது. தவிர, நரம்பு வலையின் அளவைக் கூட்டினால் லீலாவின் வேகம் குறையும். வேகம் குறைந்ததால் விகிதமும் குறையும். அதைக் காட்டி இன்னும் பெரிய ஜிபியு கேட்கலாம். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, சிபியுவிலேயே ஓடக்கூடிய என்என்யுஇ என்ற சிறு நரம்பு வலையைச் சேர்த்துக்கொண்டு, நொடிக்கு ஆராயும் நிலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வலிமையைக் கூட்டிக்கொண்டது. அதன் பிறகு, வேகங்களை ஒப்பிட்டுச் சமம் காண்பதன் பொருளே தளர்ந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இந்த இடத்தில் நியாயம் என்ற சொல்லைத் தனியாக நிற்கவிடக் கூடாது. எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போட்டி நடத்தப்படுகிறது என்பது முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தால்தான், நிபந்தனை அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும். ஒருவர் தன் வீட்டுக் கணினியில் ஆட்டங்களை அலச எந்த எஞ்சினை வைத்துக்கொள்ளலாம் என்று அறிய விரும்பினால், அந்தக் கணினியில் உள்ள சிபியுவும் ஜிபியுவும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே மோதவிடுவதுதான் சரி. ஒரு தேடல் முறையில் செய்த சிறு திருத்தம் பலனளிக்கிறதா என்று அறிய விரும்பினால், அந்தத் திருத்தம் தவிர மற்ற எல்லாமே அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். புதிய அணுகுமுறை ஒன்று, பழையது தொட முடியாத உயரத்தைத் தொடுமா என்பது கேள்வியானால், இரண்டுக்கும் தத்தமக்கு உகந்த மிகச்சிறந்த இயந்திரத்தைக் கொடுப்பதே பொருத்தம். 2017இன் போட்டி மூன்றாவது கேள்விக்கு ஓரளவு விடை சொன்னது. வாசித்தவர்கள் அதை முதல் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே வகை எஞ்சின்களை ஒரே கணினியில் ஆடவிடும்போது இந்தப் பெரிய கேள்விகள் மறைந்து, சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக வரும். எதிராளியின் முறையிலும் தொடர்ந்து சிந்திக்கும் ‘பாண்டர்’ வசதியை ஒரு பக்கம் மட்டும் திறந்துவைத்தால், அது தன் முறை அல்லாத நேரத்தில் எதிராளியின் சிபியுவைப் பாதிக்குப் பாதி தின்றுவிடும். இரு பக்கமும் திறந்துவைத்தாலும் யார் எவ்வளவு தின்றார்கள் என்பது இயங்குதளத்தின் கையில் இருக்கும். அதனால்தான் ஒற்றைக் கணினிச் சோதனைகளில் பாண்டரை மூடிவைப்பது வழக்கம். எட்டு கோர் உள்ள கணினியில் எட்டு ஆட்டங்களை ஒரே சமயத்தில் ஓட்டினால், சிபியு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நினைவகப் பாதையில் நெரிசல் வரும். 10 நொடி ஆட்டத்தில் இத்தகைய சில மில்லிநொடித் தடங்கல்களே ஒரு எஞ்சினை நேரத்தில் தோற்கடிக்கப் போதும். நிரல் எந்தச் சிபியுவுக்கெனத் தொகுக்கப்பட்டது என்பதும் முக்கியம். புதிய சிபியுக்களில் உள்ள ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைப் பயன்படுத்தும் பதிப்பும், பழைய சில்லுகளுக்கான பொதுப் பதிப்பும் ஒரே பெயரில் ஒரே வன்பொருளில் ஓடினாலும், நரம்பு வலை எஞ்சின்களில் அவற்றின் வேக வேறுபாடு மிகப் பெரியது. ஒரு பக்கம் ஏவிஎக்ஸ்2 பதிப்பையும் மறுபக்கம் பொதுப் பதிப்பையும் இறக்கிவைத்துவிட்டு, ஒரே கணினியில்தானே சோதித்தேன் என்பவர் உண்மையில் நேரச் சலுகை கொடுத்துத்தான் ஆடவிட்டிருக்கிறார்.

அடுத்தது, ஆட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. ஒற்றை த்ரெட்டில், நேரத்துக்குப் பதிலாக நிலைகளின் எண்ணிக்கையால் வரம்பு கட்டி ஓடும் இரண்டு எஞ்சின்களை ஆரம்ப நிலையிலிருந்து 100 முறை ஆடவிட்டால், நிறம் மாற்றியும் கிடைப்பது இரண்டே ஆட்டங்களாக இருக்கும். மற்ற 98 அவற்றின் நகல்கள். எனவே பலவிதத் தொடக்க நிலைகள் தேவை. அவற்றை யார் தருவது? முற்காலத்தில் ஒவ்வொரு நிரலும் தன் சொந்த ஓப்பனிங் புக்கோடு வந்தது. 1980களிலிருந்து தரப்பட்டியல் நடத்திவரும் ஸ்வீடன் கணினி செஸ் சங்கமான எஸ்எஸ்டிஎஃப் பட்டியலில், புக்கும் நிரலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. விற்பனைக்கு வந்த நிரல்களைப் பொறுத்தவரை அது ஏற்கத்தக்கதே, ஏனெனில் வாங்குபவருக்கு இரண்டும் சேர்ந்துதான் கிடைக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட எதிரியின் பலவீனத்தைக் கண்டு வைத்துத் தோண்டிய வரிசைகளும், ஒருமுறை வென்ற ஆட்டத்தை நினைவில் வைத்து அதே வரிசைக்கு மீண்டும் இழுத்துச் செல்லும் ‘புக் கற்றல்’ வசதியும் வந்த பிறகு, பட்டியலில் ஏறிய புள்ளிகளில் சிந்தனைக்கு எவ்வளவு, தயாரிப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

இன்று நடுநிலையான ஒரு தொடக்கத் தொகுப்பை எடுத்து, ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவைப்பதே நியதி. வெள்ளைக்கு இயல்பாக உள்ள முதல் நகர்வுச் சாதகமும், அந்தக் குறிப்பிட்ட நிலையில் யாருக்கேனும் உள்ள சாய்வும் இதனால் அடிபட்டுப்போகின்றன. இதே காரணத்தால், சாய்வான நிலைகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. முன்னணி எஞ்சின்கள் சமமான நிலைகளிலிருந்து ஆடினால் அநேகமாக எல்லாமே டிராவில் முடிந்து, எத்தனை ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் தகவல் கிடைப்பதில்லை. வெற்றிக்கும் டிராவுக்கும் நடுவே ஊசலாடும் நிலையைக் கொடுத்தால், வலிய எஞ்சின் சாதகமான பக்கத்தில் வெல்லும், பாதகமான பக்கத்தில் தப்பித்துக்கொள்ளும். அந்த ஜோடியில் ஒன்றரைப் புள்ளி அதற்குச் சேரும். இங்கே அளவெடுக்கும் அலகு ஆட்டமல்ல, ஜோடி. ஜோடியின் முடிவு 0, ½, 1, 1½, 2 என ஐந்தில் ஒன்றாக இருக்கும் என்பதால், பிழை வரம்பையும் அந்த ஐந்தை வைத்தே கணக்கிட வேண்டும். ஆட்டங்களைத் தனித்தனியாக எண்ணிப் பழைய சூத்திரத்தில் போடுவோர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களின் பிழை வரம்பு தேவைக்கு மேல் அகன்றிருக்கும். எந்த நிலைகளைத் தொகுப்பில் சேர்ப்பது என்பது மட்டும் கடைசிவரை மனிதத் தேர்வாகவே இருக்கும். அந்தத் தேர்வு ஆட்டத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். முடிவுகளைப் பார்த்த பிறகு சில நிலைகளை ‘பொருத்தமற்றவை’ என்று நீக்கினால் அது சோதனையே அல்ல.

எத்தனை ஆட்டங்கள் போதும் என்பதில்தான் ஆர்வலர்கள் மிக அதிகமாகச் சறுக்குகிறார்கள். 60 விழுக்காடு டிரா ஆகும் 100 ஆட்டப் போட்டியில் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் 43 எலோ அளவுக்கு வரும். 10,000 ஆட்டங்கள் ஆடினால் அது 4க்குச் சற்று மேலே நிற்கும். வரம்பைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு யாருக்கும் சலுகை தராது. இன்றைய முன்னணி எஞ்சின்களில் சேரும் திருத்தங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு எலோ மதிப்புள்ளவை என்பதை நினைத்தால், வார இறுதியில் 50 ஆட்டம் ஓட்டிவிட்டுப் புதிய பதிப்பு பலவீனமாகிவிட்டது என்று அறிவிப்பதன் எடை புரியும்.

இதைவிட நயவஞ்சகமான தவறு, விரும்பிய இடத்தில் நிறுத்துவது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கணக்கைப் பார்த்து, தன் எஞ்சின் ‘95 விழுக்காடு உறுதி’ என்ற கோட்டைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்பவர், துல்லியமாகச் சம வலிமையுள்ள இரண்டு நிரல்களுக்கு இடையிலும் பொறுமை இருந்தால் என்றாவது ஒருநாள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஆபிரகாம் வால்ட் வகுத்த தொடர் சோதனை முறை இதற்கு மருந்து. ஸ்டாக்ஃபிஷ் திட்டத்துக்காக 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிவைத்த ஃபிஷ்டெஸ்ட் அந்த முறையில்தான் இயங்குகிறது: தன்னார்வலர்களின் கணினிகளில் ஆட்டங்கள் ஓடிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மதிப்பெண் ஏறி இறங்குகிறது, அது 2.94ஐத் தொட்டால் திருத்தம் தேறியது, -2.94க்கு இறங்கினால் நிராகரிக்கப்பட்டது. இரு பக்கத் தவறுக்கும் 5 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டால் 19இன் இயல் மடக்கையாக வரும் எண்தான் 2.94. எப்போது நிறுத்துவது என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை என்பதே இதன் பலம். குறுகிய நேர ஆட்டங்களில் தேறியதை மீண்டும் நீண்ட நேர ஆட்டங்களில் சோதிப்பதும் இதில் உண்டு, ஏனெனில் 10 நொடியில் பலன் தரும் தந்திரம் ஒரு நிமிடத்தில் பாதகமாகவும் மாறக்கூடும்.

போட்டித் தொடர்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல, கட்டுப்படவும் தேவையில்லை. எஞ்சின்களுக்கான டிசிஇசி போட்டித் தொடரின் 14ஆவது பருவத்தில், 2019இல் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்டாக்ஃபிஷ் 50.5க்கு 49.5 என லீலாவை வென்றது. அதாவது 10 வெற்றி, 9 தோல்வி, 81 டிரா. எலோவில் இது மூன்றரைப் புள்ளி, பிழை வரம்போ ஏறத்தாழ 30. அதே ஆண்டில் அடுத்த பருவத்தில் லீலா 53.5க்கு 46.5 என வென்றது. அதுவும் எளிய கணக்கில் வரம்புக்குள்தான் அடங்குகிறது. பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்க இது போதும், எது வலியது என்று தீர்மானிக்கப் போதாது. பட்டம் வென்றதையே வலிமைக்குச் சான்றாகக் காட்டி நடக்கும் வாதங்கள் ஓய்ந்ததே இல்லை.

எதிராளிகளைத் தேர்வது பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஓர் எஞ்சினின் புதிய பதிப்பைப் பழைய பதிப்போடு மட்டுமே மோதவிட்டால், இடைவெளி பெரும்பாலும் பெரிதாகவே தெரியும். அந்நிய எஞ்சின்களோடு மோதும்போது அதே முன்னேற்றம் சுருங்கிவிடும். எலோ என்பது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் பொருள்படும் எண்ணாதலால், எஞ்சின்களுக்கான சிசிஆர்எல் பட்டியலின் 3,600ஐ எடுத்து மனித ஆட்டக்காரர்களுக்கான ஃபிடே பட்டியலின் 2,800க்கு அருகில் வைத்து 800 புள்ளி வித்தியாசம் என்பதும் செல்லாது.

ஆட்டத்தை இடையிலேயே முடித்துவைக்கும் ஏற்பாட்டில் கவனிக்கப்படாத ஓர் ஓட்டை உண்டு. நேரத்தை மிச்சப்படுத்த, இரு எஞ்சின்களும் தொடர்ந்து சில நகர்வுகளுக்குத் தங்கள் மதிப்பீட்டில் ஒரு பக்கம் இத்தனை புள்ளி மேலே என்று காட்டினால் வெற்றி என்றும், பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் டிரா என்றும், போட்டியை நடத்தும் நிரல் அறிவித்துவிடுகிறது. ஆனால் இந்த மதிப்பீட்டுப் புள்ளி என்பது எல்லா எஞ்சின்களிலும் ஒரே அளவல்ல. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்றால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று பொருள்படுமாறு அளவீடு மாற்றப்பட்டது. மற்றொரு எஞ்சின் அதே நிலைக்கு வேறொரு எண்ணைக் காட்டலாம். இரு தரப்பும் ஒப்ப வேண்டும் என்ற விதி இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஒரு தரப்பின் எண்ணை மட்டும் நம்பும் ஏற்பாட்டில், நம்பிக்கை மிகுந்த எஞ்சின் ஆடாமலே அரைப் புள்ளியைத் தட்டிச் செல்லும், அல்லது இழக்கும். ஏழு காய்கள் வரை முழுமையாகக் கணக்கிடப்பட்டுவிட்ட டேபிள்பேஸை வைத்துத் தீர்ப்பளிப்பது துல்லியமானது. ஆனால் வென்ற இறுதியாட்டத்தை முடிக்கத் தெரியாத எஞ்சினின் குறையை அது மூடிவிடும். எந்தக் குறையை அளக்க விரும்புகிறோமோ அதற்கேற்ப இந்த வசதியைத் திறக்கவோ மூடவோ வேண்டும்.

இவ்வளவையும் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அனுபவமுள்ள சோதனையாளர்கள் புதிய கணினியில் முதலில் ஓட்டுவது, ஒரே நிரலை இரண்டு பெயர்களில் எதிரெதிரே நிறுத்தும் போட்டியைத்தான். சில ஆயிரம் ஆட்டங்களுக்குப் பிறகும் முடிவு பிழை வரம்புக்குள் பாதிக்குப் பாதியாக வராவிட்டால், கோளாறு எஞ்சினில் இல்லை, மேடையில் இருக்கிறது: ஒரு பக்கத்துக்கு ஹாஷ் குறைவாகப் போயிருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் நேரத்தில் தோற்றுக்கொண்டிருக்கலாம், ஒரு பக்கத்தின் அமைப்புக் கோப்பில் பழைய தெரிவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். நகர்வுப் பதிவில் நேரத்தோல்விகளையும் நகல் ஆட்டங்களையும் எண்ணிப் பார்த்து, அவற்றைச் சரிசெய்த பிறகே இரண்டாவது எஞ்சினை உள்ளே கொண்டுவருகிறார்கள்.